லூக்கா சாகாத பக்கங்கள்

போன மாதம் சலூனில் எனக்கு ஒரு கன்னம் மழித்து முடித்து, மறு கன்னத்தில் நுரை தடவிய நேரத்தில் கடைக்காரருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. "ஒரு நிமிஷம் சார்" என்று வெளியே போனார். அந்த ஒரு நிமிஷம் வளர்ந்துகொண்டே போனது. நுரை காய்ந்து தோலை இழுத்தது. படிகாரக் கட்டியின் ஈர வாசனை. கண்ணாடியில் பாதி முகம் மட்டும் திருத்தப்பட்ட ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு முகத்தை எனக்கு முன்பே தெரியும். நேரில் பார்த்ததில்லை. அவன் ஏதோ குளிர்தேசத்துச் சிப்பாய். மண்ணில் வெட்டிய பதுங்குகுழியில், பழுப்பேறிய காகிதத்தில், எப்போதோ வாழ்ந்தவன்.

கவிதை எழுதிக் கெட்டுப்போவதற்கு முன்னால் நான் திருவண்ணாமலையில், கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, மார்க் ஷீட் என்று மாவட்டத்தின் வாழ்க்கை முழுவதும் அந்த இயந்திரத்தின் பச்சை வெளிச்சத்துக்கு அடியில் ஒரு முறை படுத்து எழுந்து போகும். வருகிறவர்கள் அசலை மறந்து வைத்துவிட்டு நகலோடு போவது வழக்கம். தேடி வருவார்கள் என்று ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைப்போம். அதில் யாரும் தேடி வராத ஒரு புத்தகம் கிடந்தது. மேலட்டை இல்லை. முதல் சில தாள்களும் இல்லை. தலைப்போ எழுதியவர் பெயரோ மொழிபெயர்த்தவர் பெயரோ எனக்கு இன்றுவரை தெரியாது.

பதுங்குகுழிச் சண்டையைப் பற்றிய நாவல் அது. பக்கத்துக்குப் பக்கம் மழை, சேறு, எலி. மாதக்கணக்கில் ஒரே குழியில் நின்றுகொண்டு, எதிரே நூறு அடி தூரத்தில் இன்னொரு குழியில் நிற்கிறவர்களின் இருமலைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதர்கள். சித்திரை வெயிலில், மலைப்பாறை இறக்கிவிடும் அனலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், என் கால்விரல்கள் ஈரமாக இருந்தன. காய்ந்த ஏரிக்கரை ஓரமாக சைக்கிளில் வீடு திரும்பும்போது தலையைத் தாழ்த்திக்கொண்டு மிதித்தேன். நிமிர்ந்தால் குண்டு வரும் என்று உடம்பு நம்பியிருந்தது. சோற்றில் கை வைத்தால், நாவலில் ஈர ரொட்டியைச் சட்டைக்குள் வைத்துக் காயவைத்த ஒருவன் நினைவுக்கு வந்துவிடுவான். அம்மா எனக்கு வேப்பிலை அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாவலில் லூக்கா என்று ஒருவன். ஊரில் சவரக்கடை வைத்திருந்தவன். குழிக்குள்ளும் கத்தி, சீப்போடு வந்துவிட்டான். தாக்குதலுக்குப் போகிறவர்களை முதலில் உட்காரவைத்து மழித்துவிடுவான். "தாடியோடு போனால் உன்னை உன் அம்மாவுக்கு அடையாளம் தெரியாது" என்பான். ஒரு காலையில் சிநேகிதனுக்குப் பாதி முகம் மழித்திருக்கிறான். அப்போது குண்டு விழுகிறது. நூற்றுப் பதினாலாம் பக்கம். லூக்கா போய்விடுகிறான். சிநேகிதனுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அவன் மறுபாதியை மழிக்க யாரையும் விடுவதில்லை. பாதித் தாடியோடு நாட்கணக்கில் குழிக்குள் நடக்கிறான். அவனைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு தாசில்தார் கையெழுத்தை நான் தலைகீழாக நகல் எடுத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் தொண்ணூற்றொன்பதில். அக்கா முழுகாமல் இருந்தாள். மாமா, அதாவது அவள் கணவர், பட்டாளத்தில் வடக்கே ஏதோ பனிமலையில் இருந்தார். அவள் தனியாக இருக்க வேண்டாமென்று ஐந்தாம் மாதமே அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். கால் வீங்கியிருந்தது. இடப்பக்கமாகவே படுத்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

மாமாவின் கடிதங்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். நலம், நலமறிய ஆவல், இங்கே குளிர் அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், மை உரிந்து அடியிலிருந்து வேறு ஏதாவது தெரியுமா என்பதுபோல. என் சைக்கிள் பையில் இருந்த புத்தகத்தை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"என்னாடா இது, பட்டாளத்துக் கதையா?"

"வேணாங்க்கா, நல்லாருக்காது."

"அவரு எதுவும் சொல்ல மாட்றாரு. இதுவாவது சொல்லுதான்னு பாக்கறேன். படிச்சிக் காட்டு. எனக்கு உக்காந்தா கால் மரத்துப் போவுது."

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "வயித்துப் புள்ளக்காரி காதுல சாவு சேதி வுழக்கூடாது. இந்த வூட்டுல கொழந்த பொறக்கறவரைக்கும் யாரும் சாவக்கூடாது, சொல்லிட்டேன்."

"யாரும்மா சாவப்போறா?"

"உன் புஸ்தகத்துலயும்தான்."

அது எங்கள் பக்கத்து வழக்கம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் துக்கச் செய்தியை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. மனைவி முழுகாமல் இருந்தால் கணவன் முடி வெட்டக்கூடாது, சவரம் பண்ணிக்கொள்ளக்கூடாது. பட்டாளத்தில் விடமாட்டார்களே என்று அம்மாவுக்குத் தீராத கவலை. பிறகு ஒரு கடிதத்தில் மாமா, "மேலே தண்ணீர் உறைந்து கிடப்பதால் யாரும் சவரம் செய்வதில்லை" என்று எழுதியிருந்தார். அம்மா உடனே சூடம் ஏற்றினாள். அடுத்த பௌர்ணமிக்கு மருமகன் பெயரைச் சொல்லி மலையைச் சுற்றிவிட்டும் வந்தாள்.

இப்படியாக, யாரும் சாகாத ஒரு போர் நாவலை நான் வாசிக்க ஆரம்பித்தேன். தினமும் சாயங்காலம், கடையிலிருந்து வந்து முகம் கழுவியதும். சாவு வரும் இடத்துக்கு ஒரு வரி முன்பாகவே என் கண் ஓடிவிடும். குரல் நிற்கக்கூடாது, நின்றால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். செத்தவனை விடுப்பில் அனுப்புவேன். காய்ச்சல் கொடுத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பேன். ஒரே வாரத்தில் அந்தப் படையில் பாதிப் பேருக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. "நல்ல ஆபீசரா இருக்காரே" என்றாள் அக்கா.

லூக்காவை மட்டும் எங்கேயும் அனுப்ப முடியவில்லை. அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நூற்றுப் பதினாலாம் பக்கம் வந்தபோது குண்டைச் சற்றுத் தள்ளி விழவைத்தேன். லூக்கா கத்தியைத் துடைத்துவிட்டு, "அசையாதே, இன்னும் ஒரு கன்னம் பாக்கி" என்றான். நான் எழுதிய முதல் வரி அதுதான். அதன் பிறகு பக்கத்துக்குப் பக்கம் அவனுக்கு நானே பேச்சும் வேலையும் கொடுக்க வேண்டியிருந்தது.

எனக்குத் தெரியாமல் அக்கா இன்னொன்று செய்துகொண்டிருந்தாள். கேட்ட கதையை மாமாவுக்கு எழுதினாள். அதோடு கேள்விகளும். உங்கள் காலும் ஈரமாக இருக்கிறதா, எலி வருமா, எதிரில் இருக்கிறவர்கள் பேசுவது கேட்குமா? நலம் மட்டுமே எழுதிவந்த மனிதர் அதற்குப் பதில் எழுத ஆரம்பித்தார். எலி இல்லை, இந்த உயரத்துக்கு அது வராது. காலுறையை மார்பில் வைத்துக் காயவைக்கிறோம். மூன்று பேர் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்குகிறோம். அக்கா அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் கார்கிலில் சண்டை மூண்டுவிட்டது. அப்பா டி.வி. ஆண்டெனாவின் ஒயரைக் கழற்றிவிட்டு, குரங்கு பிடுங்கிவிட்டது என்றார்.

"ஏம்ப்பா, கொரங்குக்கு ஸ்க்ரூ டிரைவர் யாரு குடுத்தது?" என்று கேட்டுவிட்டு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பது அவள் எங்களுக்குச் செய்த உதவி.

ஆனி மாதம் ஒரு கடிதம் வந்தது. "உன் கடிதங்களை இங்கே எங்கள் தமிழ்ப் பையன்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். லூக்காவுக்கு என்ன ஆயிற்று என்று உயிரை எடுக்கிறார்கள். அதிலும் தேவராஜ் என்று கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பையன், என்னைத் தூங்க விடுவதில்லை. உன் தம்பி ஜெராக்ஸ் கடையில்தானே இருக்கிறான். மீதிப் பக்கங்களை அப்படியே நகல் எடுத்து அனுப்பச் சொல்."

அக்காவிடம் பொய் சொல்வது ஒன்று. நிஜமான குண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நூற்றுப் பதினாலாம் பக்கத்தை அனுப்புவது எப்படி? கடையில் விண்ணப்பங்கள் அடிக்க ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நான்கு நாட்கள் முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் உட்கார்ந்து அடித்தேன். புத்தகத்தின் எழுத்தளவு, அதே ஓரம், மேலே பக்க எண். எட்டுப் பக்கம். அதில் லூக்கா மறு கன்னத்தையும் மழித்து முடிக்கிறான். படை பின்வாங்குகிறது. ஒரு ஆற்றங்கரையில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து முடி வெட்டுகிறான். அச்சடித்து, பழைய புத்தகம் போலத் தெரிய மை கூட்டி நகல் எடுத்து, எட்டுத் தாளையும் அனுப்பினேன். அந்த வயதில் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் பதில் வந்தது. மாமாவின் கையெழுத்துக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் இரண்டு வரி. "சார், லூக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்தானா இல்லையா? சீக்கிரம் அனுப்புங்க. இங்க நாங்க எல்லாம் தாடியோட இருக்கோம், அவன அனுப்பி வெச்சாலும் சரி. இப்படிக்கு தேவராஜ்." அக்கா வாய்விட்டுச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கடிதம் மலை இறங்கி, ரயில் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்தபோது தேவராஜ் இறந்து ஐந்து நாட்களாகியிருந்தது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அடுத்து வந்த கடிதங்களில் மாமா லூக்காவைப் பற்றிக் கேட்கவில்லை. மறுபடியும் நலம், நலமறிய ஆவல்.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. சண்டையும் ஓய்ந்திருந்தது. தீட்டுக் கழிந்து, குழந்தை தூங்கும் நேரங்களில், அக்கா அந்தப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படித்தாள். நான் தடுக்கவில்லை. முடித்த மூன்றாம் நாள் நான் சைக்கிளை எடுக்கும்போது வாசலுக்கு வந்தாள்.

"நீ எனக்குப் படிச்சிக் காட்டின மாதிரிதான் அவரும் எனக்கு லெட்டர் எழுதறாராடா?"

புத்தகங்களைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்த நாவலைப் பற்றி அதற்கு மேல் ஒருவர் சொல்ல ஏதுமில்லை.

ஐப்பசியில் ஒரு மழை விட்ட மத்தியானம் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். பிளாஸ்டிக் பையை இடுப்பு வேட்டியில் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"எல்லாத்துலயும் மூணு மூணு காப்பி எடுத்துடுங்க."

"எதுக்குங்க?"

"பையன் பட்டாளத்துல தவறிட்டான். ஆபீசுல பேப்பர் கேக்கறாங்க."

ரேஷன் கார்டு. பட்டாளத்திலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதம். பெயர் தேவராஜ். ஊர் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தாளை எடுத்தேன். பக்கம் நூற்றுப் பதினாலு. என் ஓரம், என் எழுத்தளவு. ஒவ்வொரு தாளும் நான்காக மடித்து மடித்து மடிப்பில் நைந்திருந்தது.

"இது... இது வேணுங்களா?"

"அவன் பொட்டியில இருந்ததுங்க. எனக்கும் வூட்ல அவுளுக்கும் படிக்கத் தெரியாது. பட்டாளத்துப் பேப்பருதானே? ஒண்ணு இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டா மறுபடி பஸ் ஏறணும். எடுத்துடுங்க."

இது கதை, நான் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன கதை என்று கேட்பார். யாரும் சாகாத கதை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று மட்டும் இருந்தது. வேகவேகமாகத் தாளை வைத்து மூடினேன். முதல் நகலில் எழுத்துகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ நிழல் விழுந்திருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்பது இப்போது தெரியவில்லை. மை குறைக்கும் பட்டனை இரண்டு தடவை அழுத்தினேன். நிழல் போய்விட்டது. சுத்தமான நகல். எட்டுப் பக்கம், மூன்று மூன்று. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பின்னால் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

கார்த்திகை தீபத்துக்கு மாமா விடுப்பில் வந்தார். குழந்தையைத் தூக்க முதலில் பயந்தார். மழித்த முகத்தில் தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஊரே மலையுச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படித்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், இவன் செத்துட்டானா?"

"ஆமா மாமா."

"அப்போ நீ அனுப்பினது?"

"நான் எழுதினது."

அறைவார் என்று நினைத்தேன். அவர் புத்தகத்தை மூடினார். அதன் பிறகு அதைத் திறக்கவில்லை.

"தேவராஜிக்கு இது தெரியாது. நல்லதுதான்" என்றார். பிறகு, "நீ அனுப்பினது பத்தலன்னு சொல்லி, அந்தப் பேப்பருக்குப் பின்னாடியே அவன் எழுத ஆரம்பிச்சிட்டான். அங்க வேற பேப்பர் ஏது? எட்டுப் பேப்பர்லயும் எழுதித் தள்ளிட்டான்."

"என்னா மாமா எழுதினாரு?"

"லூக்காவ தன்னோட ஊருக்கே கூட்டிட்டு வந்துட்டான். மல்லாட்ட புடுங்கற சமயமாம். அவங்கம்மா லூக்காவுக்கு மல்லாட்ட அவிச்சிக் குடுக்கறாங்க. அதுவரைக்கும் படிச்சிக் காட்டினான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னாவோ படிச்சான். நான் தூங்கிட்டேன், மச்சான். மூணு நாளாத் தூங்கல."

மறுநாளே மாமாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கீழ்பென்னாத்தூரில் விசாரித்து, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு ஓட்டு வீடு. பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஜெராக்ஸ் சாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். தேவராஜின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் அந்த எட்டுத் தாளைக் கேட்டேன்.

"அசலத்தான் கேட்டாங்க, குடுத்துட்டேன். போன வாரம் போனா, அதெல்லாம் சம்பந்தமில்லாத காகிதம், அப்பவே கழிச்சிட்டோம்னாங்க. நீங்க எடுத்த காப்பி ஒண்ணு இருக்கு."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். ஒவ்வொரு தாளையும் லேமினேஷன் செய்து வைத்திருந்தார். என் எட்டுப் பக்கம். பளபளவென்று, ஒரு கறை இல்லாமல்.

"பின்னாடி பேனாவுல என்னாவோ எழுதி இருந்துச்சே" என்றாள் அந்த அம்மா. "அவன் எழுத்து. எனக்கு எழுத்துதான் தெரியாது, அவன் எழுத்து தெரியும். இதுல அத்தக் காணோம்."

பெரியவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க எடுத்திருப்பீங்கன்னு நெனச்சிட்டேன்" என்றார். குரலில் குற்றம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவர்களுக்கு நான் மல்லாட்டை வரைக்கும் சொன்னேன். "நீங்க அவிச்சிக் குடுக்கற மாதிரி எழுதியிருந்தாராம்மா." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்டாள். நான் எத்தனையோ பேருக்கு விடுப்புக் கொடுத்தவன், குண்டையே தள்ளி விழவைத்தவன். அன்றைக்கு ஒரு வரிகூட வரவில்லை. "தெரியாதும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாம், பரிசு வாங்கியவையும் வாங்காதவையும், முன்பக்கங்கள்தான். அந்த ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு மொபைல் கடை. நாவலை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள், யாரென்று நினைவில்லை. எல்லைக்கு இன்லேண்டு கடிதம் எழுதும் பெண்கள் இல்லை. அக்கா மகளின் கணவனும் பட்டாளத்தான்தான். தினமும் வீடியோவில் வருகிறான், சிரிக்கிறான், நலம் என்கிறான். கீழ்பென்னாத்தூர்க் கொல்லை மனையாகிவிட்டது. அந்தப் பெரியவரும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை.

பின்பக்கத்தைக் காதால் கேட்டவர் என்று மிஞ்சியிருப்பவர் மாமா ஒருவர்தான். ஓய்வுபெற்று ஒரு வங்கி ஏ.டி.எம்.மில் காவல் வேலை பார்த்தார். இரண்டு வருடங்களுக்கு முன் தலையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு போனது. பேச்சு திரும்ப வந்தது, பல பெயர்கள் வரவில்லை. பொங்கலன்று பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "மாமா, லூக்கா மல்லாட்ட தின்னதுக்கு அப்புறம் என்னா ஆச்சி? ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். உதவ வேண்டும் என்ற ஆசை அவர் கண்ணில் இருந்தது.

"லூக்கா யாரு மச்சான்? உன்கூட ஜெராக்ஸ் கடையில இருந்தவனா?"

"ஆமா மாமா" என்றேன்.